நெஞ்சுக்குள் ஒரு வடிகால்

புதுதில்லியில் கோல் மார்க்கெட்டுக்கு மேற்கே, ரிட்ஜ் என்று வழங்கும் பாறைக்காட்டின் ஓரமாக வடக்குத் தெற்காகச் செல்லும் மந்திர் மார்க், முன்னொரு காலத்தில் வைஸ்ராய் ரீடிங் பிரபுவின் பெயரைத் தாங்கியிருந்து, 1939இல் காந்தியடிகள் திறந்து வைத்த லட்சுமி நாராயணர் ஆலயத்தின் பெருமையால் இன்றைய பெயரை அடைந்த சாலையாகும். பிர்லா மந்திரையும் அதன் அண்டையிலுள்ள காளிபாரியையும் தரிசிக்க வரும் யாத்திரிகர்களுக்கும், தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிக்குத் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளை அனுப்பி வந்த தமிழ்க் குடும்பங்களுக்கும் இச்சாலை நெடுநாள் பரிச்சயமானது. ஆனால் அங்கே தில்லி மாசுக் கட்டுப்பாட்டுக் குழுவின் காற்று அளவை நிலையம் ஒன்று இரவும் பகலும் இயங்கிக்கொண்டிருப்பதையும், தீபாவளி கழிந்து பனி இறங்கும் நாட்களில் பத்திரிகைகளில் ‘மந்திர் மார்க்’ என்ற பெயருக்கு எதிரே அச்சாகும் எண் அந்த நிலையம் கொடுத்ததே என்பதையும் கவனிப்போர் சிலரே.

அந்த நிலையம் அளப்பவற்றுள் பிரதானமானவை 2.5 மைக்ரானுக்கு உட்பட்ட நுண்துகள்கள். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஒரு கன மீட்டர் காற்றில் இத்துகள் 24 மணி நேரச் சராசரியாக 60 மைக்ரோகிராமுக்கு மேற்படலாகாது என்பது நம் நாட்டு விதி. உலக சுகாதார நிறுவனம் 2021இல் வகுத்த வரம்போ வெறும் 15. மார்கழி மாதத்துத் தில்லி இவ்விரண்டையும் தாண்டிப் போவது வழக்கமாகிவிட்டது. காற்றிலுள்ள தூசி நெஞ்சுக்குள் போகிறது என்பதோடு பத்திரிகைச் செய்தி முடிந்துவிடுகிறது. போன தூசி அங்கே என்ன ஆயிற்று, எதன் வழியே எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கப்பட்டது என்ற கேள்விக்கு விடை சரீர சாஸ்திரத்தில், அதுவும் மருத்துவ மாணவர்கள் பரீட்சைக்கு முந்திய இரவில் மனனம் செய்து மறுவாரமே மறந்துவிடும் ஓர் அத்தியாயத்தில் இருக்கிறது. நெஞ்சகத்தின் நிணநீர் வடிகால் என்பது அந்த அத்தியாயத்தின் பெயர். தூசிக்கு மட்டுமின்றிக் காசநோய்க் கிருமிக்கும் புற்றுநோய் அணுவுக்கும் அதுவே பாதையாக இருப்பதாலும், அந்தப் பாதை துலக்கமாகத் தெரியத் தெரிய அறுவை சிகிச்சையில் நோயாளி படும் துன்பம் குறைந்துகொண்டே வந்திருப்பதாலும், வைத்தியர்களோடு நின்றுவிடாமல் சாதாரண ஜனங்களும் அறிந்துகொள்ளத் தக்க விஷயம் அது.

திரும்பாத நீர்

இருதயத்திலிருந்து தமனிகள் வழியே புறப்படும் ரத்தம் சிரைகள் வழியே திரும்பி வருகிறது என்பது பள்ளிப் பிள்ளைகளும் அறிந்ததே. ஆயினும் புறப்பட்டது முழுவதும் அவ்வழியே திரும்புவதில்லை. மயிரினும் மெல்லிய தந்துகிகளின் சுவரைக் கடந்து ரத்தத்தின் நீர்ப்பகுதி சிறிது சிறிதாகக் கசிந்து, திசுக்களை நனைத்து, அவற்றுக்கு ஆகாரத்தைக் கொடுத்துக் கழிவை ஏற்றுக்கொள்கிறது. அவ்வாறு கசிந்த நீரில் சிரைக்குள் திரும்பாமல் எஞ்சி நிற்பதையும், கூடவே வெளிப்பட்டுவிட்ட புரதங்களையும், வழிதவறி நுழைந்த கிருமிகளையும் தூசியையும் சேர்த்து வாரிக்கொண்டு போவதற்கென்றே வேறொரு குழாய்க் கூட்டம் உடலெங்கும் பரவிக் கிடக்கிறது. அக்குழாய்களில் ஓடுவதே நிணநீர். இதைத் தள்ளுவதற்கு இருதயம் போன்ற தனி உறுப்பு மனிதனுக்கு இல்லை. குழாயின் சுவரிலுள்ள மெல்லிய தசை கண்டம் கண்டமாகச் சுருங்குவதும், அக்கம்பக்கத்துத் தசைகள் அசையும்போது பிசைந்து கொடுப்பதும், மூச்சின் ஏற்ற இறக்கமும் சேர்ந்தே இந்நீரை நகர்த்துகின்றன. நகர்ந்தது பின்வாங்காதபடி நெடுகிலும் வால்வுகள் காவல் இருக்கின்றன.

தொண்டை மண்டலத்தில் ஓர் ஏரி நிரம்பினால், கலிங்கு வழியே வழிந்த நீர் கால்வாயில் ஓடி அடுத்த ஏரியைச் சேர்வதும், ஒவ்வோர் ஏரியிலும் வண்டல் தங்கி நீர் தெளிந்து மேற்செல்வதும் போல, நிணநீரும் ஒரு கணுவிலிருந்து மறு கணுவுக்கு வரிசையாகத் தங்கித் தங்கிச் செல்கிறது. அவரை விதையளவிலும் அதனிற் சிறிதாகவும் பெரிதாகவும் உடலில் சுமார் 600 நிணநீர்க்கணுக்கள் இருக்கின்றன. வந்த நீரில் பகை எதுவும் கலந்திருந்தால் அதைப் பிடித்து நிறுத்தி, அதற்கெதிரான அணுக்களைப் பெருக்குவது இக்கணுக்களின் தொழில். அத்தொழில் மும்முரமாகும்போது கணு வீங்குகிறது. காலில் முள் தைத்துச் சீழ் வைத்தால் தொடையிடுக்கில் நெறி கட்டும், தலையில் புண் வந்தால் கழுத்தில் நெறி கட்டும் என்று நம் வீட்டுப் பாட்டிமார் சொல்லும் நெறி இதுதான். மார்புக்குள்ளும் இவ்வாறே நெறி கட்டுகிறது. கைக்கு எட்டாத இடமாகையால் பாட்டிமாருக்குத் தெரிவதில்லை.

மேல்நாட்டு வைத்தியர்களுக்கும் இந்த வடிகால் வெகுகாலம் தெரியவில்லை. 1622ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், சற்று முன்னர்தான் வயிறாரத் தின்றிருந்த நாய் ஒன்றை அறுத்துப் பார்த்துக்கொண்டிருந்த இத்தாலிய வைத்தியர் காஸ்பரே அசெல்லி, குடலைத் தாங்கும் சவ்வில் வெண்மையான இழைகள் பரவியிருக்கக் கண்டு, முதலில் அவற்றை நரம்புகளென்றே எண்ணினார். ஒன்றைக் கீறியதும் பால் போன்ற திரவம் வெளிப்படவே, தாம் கண்டது புதியதொரு குழாய் வகை என்று உணர்ந்தார். ஆனால் அவை கல்லீரலில் போய் முடிகின்றன என்று அவர் கொண்ட அபிப்பிராயம் பிழையாயிற்று. அந்தத் திரவம் முதுகெலும்பின் முன்னே ஓர் இடத்தில் திரண்டு, மார்பின் ஊடே மேலேறி, கழுத்தருகே சிரையில் கலக்கிறது என்பதைப் பிரெஞ்சு தேசத்து ழான் பெக்கே 1651இல் வெளியிட்டார். மறு வருஷமே கோபன்ஹேகனில் தாமஸ் பார்தோலின் அதை மனித உடலிலும் கண்டு எழுதினார். ரத்த ஓட்டத்தை 1628இல் நிலைநாட்டிய வில்லியம் ஹார்வி இந்தப் பாற்குழாய்களின் முக்கியத்துவத்தைக் கடைசிவரை ஏற்கவில்லை என்பது சாஸ்திர சரித்திரத்தின் விசித்திரங்களுள் ஒன்று.

ஒரு முழ நீளத்து ராஜபாட்டை

பெக்கே கண்ட அந்தக் குழாயைத்தான் டாக்டர்கள் ‘தொராசிக் டக்ட்’ என்கிறார்கள். நாம் மார்பு நிணக்குழாய் என்போம். 38 முதல் 45 சென்டிமீட்டர் வரை, அதாவது ஏறக்குறைய ஒரு முழ நீளமும், சில மில்லிமீட்டர் அகலமும் கொண்ட இது, இடுப்புப் பகுதியின் முதலிரண்டு முள்ளெலும்புகளுக்கு முன்னே தொடங்கி, உதரவிதானத்தில் பெருந்தமனிக்காக விடப்பட்டிருக்கும் துவாரத்தின் வழியே அதனுடன் கூடவே மார்புக்குள் நுழைகிறது. நுழைந்த பின் இடப்பக்கம் பெருந்தமனியும் வலப்பக்கம் அசைகஸ் என்னும் சிரையும் துணையாக, உணவுக்குழலின் பின்னே நேராக மேலேறி, மார்பின் ஐந்தாம் முள்ளெலும்பின் மட்டத்தில் இடப்பக்கம் திரும்பி, கழுத்தின் அடிவரை சென்று, அங்கே வில்லாக வளைந்து இறங்கி, இடது கழுத்துச் சிரையும் இடது கையின் சிரையும் கூடும் சந்தியில் தன் சுமையை ரத்தத்தில் சேர்த்துவிடுகிறது. இரு கால்கள், வயிறு, மார்பின் இடப்பாதி, இடது கை, தலையிலும் கழுத்திலும் இடப்பாதி ஆகிய இவ்வளவுக்கும் வடிகால் இந்த ஒரே குழாய்தான். எஞ்சிய வலது மேற்பாகத்துக்கு, ஒரு விரற்கடைகூட நீளமில்லாத வலது நிணக்குழாய் என்பது தனியாக உண்டு.

மந்திர் மார்க்கிலிருந்து நடந்து போகும் தூரத்தில், பெண்கள் மட்டுமே மருத்துவம் பயில்வதற்கென்று 1914இல் ஹார்டிங் சீமாட்டி அடிக்கல் நாட்டி, அவர் காலமான பிறகு 1916இல் திறக்கப்பட்ட லேடி ஹார்டிங் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கும் மற்றெந்த மருத்துவக் கல்லூரியிலும் முதலாண்டு மாணவி பிண அறுவைக் கூடத்தில் இக்குழாயைத் தேடும் விதம் ஒன்றே. நுரையீரல்களை எடுத்து அப்புறப்படுத்திவிட்டு, உணவுக்குழலை விரலால் ஒரு பக்கம் ஒதுக்கி, பெருந்தமனிக்கும் அசைகஸ் சிரைக்கும் நடுவே நிறைந்திருக்கும் கொழுப்பை இடுக்கியால் கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளி எடுத்துக்கொண்டே போனால், வெளிறிய, சுருங்கிக் கிடக்கும், இடையிடையே வால்வுகள் இருப்பதால் முடிச்சு முடிச்சாகத் தோன்றும் இழை ஒன்று தட்டுப்படும். அவசரக்காரர் கைக்கு அது அகப்படுவதில்லை. நரம்பென்றோ கொழுப்பின் நார் என்றோ நினைத்து அறுத்து எறிந்துவிட்டு, பிறகு பக்கத்து மேஜையில் போய் எட்டிப் பார்ப்பவர்களே அதிகம்.

இவ்வளவு மெல்லிய குழாய் நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 லிட்டர் நீரை, உண்ட உணவுக்கேற்பக் கூடியும் குறைந்தும், ரத்தத்தில் சேர்க்கிறது. நெய்யும் எண்ணெயுமாக நாம் உண்ணும் கொழுப்பின் பெரும்பகுதி குடலிலிருந்து கல்லீரலுக்குச் செல்லாமல் அன்னரசமாக இவ்வழியேதான் பிரயாணம் செய்கிறது. ஆகவே விருந்துண்ட சில மணி நேரத்தில் இக்குழாயில் ஓடுவது பாலின் நிறமாக இருக்கும். மூச்சை உள்ளே இழுக்கும்போது மார்பின் உட்புற அழுத்தம் தாழ்ந்து வயிற்றின் அழுத்தம் உயர்வதால், கீழேயுள்ள நிணநீர் மேல்நோக்கி ஈர்க்கப்படுகிறது. இவ்வகையில் ஆழ்ந்த மூச்சு காற்றுக்கு மட்டுமன்றி நிணநீர் ஓட்டத்துக்கும் உபகாரம் செய்கிறது.

குழாய் கிழிந்தால் அந்தப் பால் நிறத் திரவம் நுரையீரலைச் சூழ்ந்த உறைக்குள் கொட்டி நிரம்புகிறது. விபத்தாலும், உணவுக்குழலிலும் இருதயத்திலும் செய்யும் அறுவையின்போது தவறிப் படும் காயத்தாலும், கணுக்களில் பரவிய புற்றுநோயாலும் இது நேரலாம். 1948க்கு முன் இந்தக் கிழிசலுக்கு ஆளானோரில் பலர் பிழைக்கவில்லை. கொழுப்பும் புரதமும் தினந்தோறும் வடிந்துபோய் உடல் நாளுக்கு நாள் க்ஷீணித்துவிடும். அவ்வாண்டில் அமெரிக்காவில் லாம்ப்ஸன் என்ற நிபுணர் மார்பைத் திறந்து குழாயைக் கட்டிவிட்டு நோயாளியைப் பிழைக்க வைத்தார். கட்டிய பிறகும் உடல் சமாளித்துக்கொண்டதற்குக் காரணம், நிணநீர் ஓடுவதற்குச் சில்லறைக் கிளைவழிகள் அநேகம் இருப்பதே. 1990களின் இறுதியில் கான்ஸ்டன்டின் கோப் என்பவர், வயிற்றின் வழியே ஊசி செலுத்தி, எக்ஸ்ரேயின் துணையால் குழாயின் அடிமூலத்தைக் குத்திப் பிடித்து, மார்பைத் திறக்காமலே உள்ளிருந்து அதை அடைக்கும் முறையை வகுத்தார். குழாயின் போக்கு அங்குலம் அங்குலமாக அறியப்பட்டிராவிட்டால் இது கைகூடியிராது.

தூசி போய்ச் சேரும் இடம்

இனி, மந்திர் மார்க்கின் தூசிக்கு வருவோம். பெரிய துகள்கள் மூக்கிலும் மூச்சுக்குழலின் கோழையிலும் சிக்கி, தும்மலும் இருமலுமாக வெளியேறிவிடுகின்றன. மிக நுண்ணியவை நுரையீரலின் கடைசிக் காற்றறைகள் வரை போய்விடுகின்றன. அங்கே சுற்றித் திரியும் விழுங்கும் அணுக்கள் அவற்றை விழுங்குகின்றன. விழுங்கியும் செரிக்க முடியாத கரித்துகளைச் சுமந்துகொண்டு சில அணுக்கள் நிணக்குழாயில் இறங்குகின்றன. காற்றறையின் மெல்லிய சுவரில் நிணக்குழாய் கிடையாது; சற்று அப்பால், நுண்ணிய மூச்சுக்கிளைகளின் ஓரத்தில்தான் அது தொடங்குகிறது. ஒரு வலை நுரையீரலின் மேற்பரப்பில் உறையின் அடியிலும், மற்றொரு வலை மூச்சுக்கிளைகளையும் ரத்தக்குழாய்களையும் ஒட்டி உட்புறத்திலுமாகப் பரவி, இரண்டும் நுரையீரலின் வாயிலில் வந்து கூடுகின்றன. அந்த வாயிலில் கணுக்களின் முதற்பெரும் கூட்டம் இருக்கிறது. அங்கிருந்து மூச்சுக்குழல் இரண்டாகப் பிரியும் கவட்டின் அடியிலுள்ள கணுக்கள், பிறகு மூச்சுக்குழலின் இருமருங்கிலும் ஏணிப்படியாக அமைந்த கணுக்கள், கடைசியில் கழுத்தடிச் சிரை என்பது கிரமம்.

கருவிலிருக்கும் சிசுவின் கணுக்கள் வெளிறிய செந்நிறமாக இருக்கும். நகரத்தில் வாழ்ந்து முதிர்ந்தவரின் நுரையீரல் வாயிலிலுள்ள கணுவை அறுவைக் கூடத்தில் பிளந்தால் அது கன்னங்கரேலென்றிருப்பதும், பிளந்தவரின் கையுறையில் கரி ஒட்டுவதும் ஆசிரியர்கள் அன்றாடம் காண்பது. பட்டணத்துப் புகைக்கு மட்டும் இந்தக் கறை சொந்தமன்று. விறகும் வறட்டியும் எரியும் அடுப்பின் முன் ஆயுளைக் கழித்த கிராமத்துப் பெண்களிடமும், பீடி சிகரெட் பிடிப்போரிடமும், சுரங்கத் தொழிலாளரிடமும் அதே கருமை உண்டு. ஒருமுறை கணுவில் தங்கிய கரி வெளியேறுவதேயில்லை எனலாம்.

இதே வழியில் வரும் வேறொரு விருந்தாளி காசநோய்க் கிருமி. உலகத்துக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியாவில் இருக்கும் நிலையில், நம் டாக்டர்களுக்கு இது ஏட்டுச் சங்கதியன்று. முதன்முதலாகக் கிருமியை ஏற்கும் குழந்தையின் நுரையீரலில் சிறிய புண் ஒன்று உண்டாகிறது. அங்கிருந்து கிருமி நிணநீரோடு வாயிற் கணுவை அடைந்து அதை வீங்கச் செய்கிறது. ஆஸ்திரிய நாட்டு நோய்க்கூற்று நிபுணர் அன்டன் கோன், 1912இல் குழந்தைகளின் சவப் பரிசோதனையை ஆதாரமாகக் கொண்டு எழுதிய நூலில் அந்த முதற் புண்ணை விரிவாக வர்ணித்தார். இன்றும் அது அவர் பெயராலேயே வழங்குகிறது. குழந்தையிடம் நுரையீரற் புண்ணைவிடக் கணு வீக்கமே பெரிதாயிருப்பதும், வீங்கிய கணு பக்கத்திலுள்ள மெல்லிய மூச்சுக்கிளையை அமுக்கி ஓயாத இருமலை உண்டாக்குவதும் உண்டு. சளி பரிசோதனையில் ஒன்றும் அகப்படாமல், எக்ஸ்ரேயில் வாயில் மட்டும் தடித்துத் தெரியும் பிள்ளைகளைக் குழந்தை வைத்தியர்கள் அடிக்கடி சந்திக்கிறார்கள்.

வடிகாலின் போக்கில் ஒரு விசித்திரமும் இருக்கிறது. வலது நுரையீரலின் நிணநீர் பெரும்பாலும் வலப்பக்கமாகவே மேலேறுகிறது. இடது நுரையீரலின் கீழ்மடலிலிருந்து வருவதோ, கவட்டுக் கணுக்களை அடைந்த பிறகு கணிசமான அளவு வலப்பக்கத்துக்குத் தாண்டிவிடுகிறது. ஆகையால் இடது கீழ்மடலில் தோன்றிய புற்றுநோயின் அடையாளம் வலப்பக்கக் கணுவில் காணப்படலாம். நோய் தன் பக்கத்துக் கணுவோடு நின்றிருந்தால் அறுத்து எடுக்கலாம். எதிர்ப்பக்கத்துக்குப் போயிருந்தால் கத்தியால் பயனில்லை, மருந்தும் கதிர்வீச்சுமே வழி. எனவே எந்தக் கணுவில் நோய் இருக்கிறது என்பதே சிகிச்சையின் தலைவிதியை நிர்ணயிக்கிறது. இதற்காக ஜப்பானிய நிபுணர் நாருகே 1978இல் மார்பின் கணுக்களுக்கெல்லாம் எண்ணிட்டு ஒரு படம் வரைந்தார். திருத்தப்பட்ட சர்வதேசப் படம் 2009இல் வெளியாயிற்று. கவட்டுக் கணுக்களுக்கு அதில் 7ஆம் எண். உலகின் எந்த மூலையிலுள்ள நுரையீரல் நிபுணரும் ‘செவன்’ என்றால் மற்றவர் இடத்தைப் புரிந்துகொள்வார்.

அக்கணுக்களிலிருந்து துணுக்கு எடுத்துப் பார்ப்பதற்கு முற்காலத்தில் மார்பைத் திறப்பதைத் தவிர வழியில்லை. 1959இல் ஸ்வீடனின் எரிக் கார்லன்ஸ், மார்பெலும்புக்கு மேலே கழுத்தில் சிறு கீறலிட்டு, மூச்சுக்குழலை ஒட்டிக் குழல் ஒன்றை இறக்கிப் பார்க்கும் முறையை வெளியிட்டார். இன்று அந்தக் கீறலும் பலருக்கு அவசியமில்லை. நுனியில் அல்ட்ராசவுண்டு பொருத்திய மெல்லிய குழாயை வாய்வழியே மூச்சுக்குழலுக்குள் செலுத்தி, சுவருக்கு வெளியிலுள்ள கணுவைத் திரையில் பார்த்தபடியே ஊசியால் குத்திச் சில அணுக்களை உறிஞ்சி எடுத்துவிடுகிறார்கள். ‘ஈபஸ்’ என்று சுருக்கமாக வழங்கும் இம்முறை நம் நாட்டுப் பெரிய ஆஸ்பத்திரிகளிலும் சாதாரணமாகிவிட்டது. வீங்கிய கணு காசநோயா, சார்காய்டோசிஸ் எனப்படும் அதைப் போலவே தோன்றும் வேறொரு வியாதியா, புற்றுநோயா என்ற சந்தேகம், படத்தைப் பார்த்து மட்டும் எளிதில் தீராத நம் தேசத்தில், அந்த ஊசியின் பிரயோஜனம் மிகப் பெரிது.

அக்குளின் காவல்

மார்புக் கூட்டுக்கு வெளியேயுள்ள வடிகாலில் மிக முக்கியமானது ஸ்தனத்தின் வடிகால். அதன் நிணநீரில் முக்கால் பங்குக்கு மேல் அக்குளுக்குப் போகிறது. உட்பக்கத்துப் பகுதியிலிருந்து ஓரளவு விலா எலும்புகளின் இடைவெளி வழியே நுழைந்து, மார்பெலும்பை ஒட்டிய கணுக்களை அடைகிறது. சிறு பங்கு எதிர் ஸ்தனத்துக்கும் மேல்வயிற்றுக்கும் செல்வதும் உண்டு. அக்குளில் இருபது முப்பது கணுக்கள் முன், பின், பக்கம், நடு, உச்சி என்று ஐந்து கூட்டங்களாக அமைந்திருக்கின்றன. அறுவை நிபுணர்களோ, சிறு மார்புத்தசை என்னும் தசையை எல்லைக்கோடாகக் கொண்டு, அதற்குக் கீழே முதல் நிலை, பின்னே இரண்டாம் நிலை, மேலே மூன்றாம் நிலை என மூன்றாகவே வகுப்பார்கள். தோலின் நுண்ணிய நிணக்குழாய்களைப் புற்றுநோய் அடைத்துவிட்டால், தோல் நீர் கோத்துத் தடித்து, மயிர்க்கால்கள் மட்டும் குழிந்து ஆரஞ்சுத் தோலாகத் தோன்றும் என்பது மாணவர்கள் முதலில் கற்கும் அடையாளங்களுள் ஒன்று.

புற்றுநோய் இக்கணுக்களின் வழியே படிப்படியாகத்தான் பரவுகிறது, ஆகவே வழி முழுவதையும் வேரோடு எடுத்துவிட்டால் நோய் ஒழியும் என்று அமெரிக்க நிபுணர் வில்லியம் ஹால்ஸ்டெட் திடமாக நம்பினார். 1894இல் அவர் பிரசுரித்த அறுவை முறையில், ஸ்தனத்தோடு மார்புத் தசைகளும் அக்குளின் கணுக்கள் அனைத்தும் ஒரே பிண்டமாக எடுக்கப்பட்டன. விலா எலும்பு தோலை முட்டிக்கொண்டு நிற்க, கை வீங்கி, தோளைத் தூக்க முடியாமல் எத்தனையோ பெண்கள் அதன் பின் வாழ்ந்தார்கள். முக்கால் நூற்றாண்டுக் காலம் உலகமெங்கும் அதுவே விதியாக இருந்தது. அந்த நம்பிக்கையைப் பரீட்சித்துப் பார்க்கத் துணிந்தவர் பிட்ஸ்பர்க்கின் பெர்னார்ட் ஃபிஷர். 1971இல் அவர் தொடங்கிய ஆராய்ச்சியில் பெண்களைப் பிரிவு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு ஹால்ஸ்டெட் முறையும் மற்றவர்க்கு அதனிற் குறைந்த அறுவையும் செய்து, 25 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2002இல் முடிவை வெளியிட்டார்கள்: உயிர் தப்புவதில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் எதுவும் இல்லை. புற்றுநோய் கணுவை அடைந்திருப்பது உடலில் வேறெங்கும் அது போயிருக்கலாம் என்பதற்கு அறிகுறியே தவிர, கணுவை வெட்டியெறிவதால் மட்டும் நோயாளி காப்பாற்றப்படுவதில்லை என்று தெளிவாயிற்று.

அப்படியாயின், அறிகுறியை அறிய எல்லாக் கணுக்களையும் எடுப்பானேன்? ஸ்தனத்திலிருந்து வரும் நிணநீர் அக்குளில் முதன்முதலாகத் தங்கும் கணு எதுவோ, அந்தக் காவல் கணுவை மட்டும் எடுத்துப் பார்த்தால் போதாதா என்ற எண்ணம் பிறந்தது. டொனால்ட் மார்ட்டன் 1992இல் தோல் புற்றுநோய்க்கும், டேவிட் க்ராக் 1993இலும் அர்மாண்டோ ஜூலியானோ 1994இலும் ஸ்தனப் புற்றுநோய்க்கும் இதைச் செய்து காட்டினார்கள். மயக்கம் கொடுத்தபின் முலைக்காம்பைச் சுற்றியுள்ள தோலின் அடியில் நீலச்சாயம் சிறிதளவு ஊசியால் ஏற்றப்படுகிறது. சில நிமிஷங்கள் மெல்லப் பிடித்துவிட்ட பிறகு அக்குளில் இரண்டொரு அங்குலம் கீறிப் பார்த்தால், மஞ்சள் கொழுப்பின் நடுவே நீல இழை ஒன்று ஓடுகிறது. அதைப் பிடித்துக்கொண்டே போக, நீலம் பாய்ந்த கணு ஒன்றில் அது முடிகிறது. அந்தக் கணுவையும் அருகிலுள்ள ஒன்றிரண்டையும் எடுத்துச் சோதனைக்கு அனுப்புகிறார்கள். அவற்றில் நோய் இல்லையென்று பதில் வந்தால் அக்குளின் மற்றக் கணுக்களைத் தொடுவதேயில்லை. பார்தோலின் காலத்தில் பிணத்தில் தேடிய இழை இங்கே உயிருள்ள உடலில் தானாகவே தன் வழியைக் காட்டிக்கொடுக்கிறது.

இதனால் கிடைத்த லாபம் கையின் நலத்தில் தெரிகிறது. அக்குளை முழுவதும் சுத்தம் செய்துகொண்ட பெண்களில் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்குக் கை நிரந்தரமாக வீங்குகிறது. காவல் கணு மட்டும் எடுக்கப்பட்டவர்களில் இருபதில் ஒருவர் அளவுக்கே வீங்குகிறது. வீங்கிய கையில் வளையல் ஏறாது, ரவிக்கை நுழையாது, துணி பிழிவதும் குடம் தூக்குவதும் பாடாகிவிடும். சிறு கீறல் பட்டாலும் சீழ் பிடிக்கும். இறுக்கமான உறையும், தகுந்த தேகப்பயிற்சியும், முறையாகப் பிடித்துவிடுவதும் அதைக் கட்டுப்படுத்துமேயொழிய, முழுவதும் குணப்படுத்துவது துர்லபம்.

காவல் கணுவைக் கண்டுபிடிக்க மேல்நாடுகளில் கதிரியக்கப் பொருளும் அதை உணரும் கருவியும் சாயத்தோடு சேர்த்து உபயோகிக்கப்படுகின்றன. அவை கிடைக்காத நம் ஊர் ஆஸ்பத்திரிகளுக்காக, 1941இல் தொடங்கப்பட்ட மும்பையின் டாடா நினைவு மருத்துவமனை நிபுணர்கள் வேறொரு உபாயத்தை வகுத்துப் பரீட்சித்தார்கள். அக்குளைக் குறுக்கே கடந்து மேற்கைக்குச் செல்லும் ஒரு நரம்பை எல்லையாகக் கொண்டு, அதற்குக் கீழேயுள்ள கொழுப்பையும் அதிலுள்ள கணுக்களையும் மட்டும் எடுத்துப் பார்ப்பது அந்த முறை. கருவி எதுவும் வேண்டாம். உடற்கூறு தெரிந்த கை இருந்தால் போதும். விலையுயர்ந்த சாயங்களுக்குப் பதிலாக மலிவான மெத்திலீன் நீலத்தை உபயோகிப்பதும் நம் நாட்டில் பரவலாகியிருக்கிறது.

கையால் தொட்டறியும் இடங்கள்

மார்பின் ஆழத்திலுள்ள வடிகாலில் நடப்பதைச் சாதாரண மனிதன் அறிய இயலாவிட்டாலும், அது மேற்பரப்புக்கு வரும் சில இடங்களைத் தன் விரலாலேயே அறியலாம். அவற்றுள் முதலாவது இடது காறை எலும்புக்கு மேலேயுள்ள குழி. மார்பு நிணக்குழாய் அங்கே முடிவதால், வயிற்றுக்குள் தோன்றிய புற்றுநோய்கூட அவ்விடத்தில் வலியற்ற கெட்டியான கணுவாக வெளிப்படலாம் என்பதை ஜெர்மானிய மேதை விர்கோ 1848இலேயே எழுதிவைத்தார். சென்னையின் புற்றுநோய்ப் பதிவேட்டில் ஆண்களிடையே வயிற்றுப் புற்றுநோய் நெடுங்காலமாக முன்வரிசையில் இருந்து வருவதால், தமிழர்களுக்கு இந்தச் செய்தி வேண்டாத செய்தியன்று. வலது காறை எலும்பின் மேற்குழியில் தோன்றும் கணு, நுரையீரலிலும் உணவுக்குழலிலும் ஏற்பட்ட நோயைச் சுட்டக்கூடும். மூன்றாவது இடம் அக்குள்.

புண்ணோ ஜலதோஷமோ வந்த காலத்தில் கட்டும் நெறி வலிக்கும், மிருதுவாக இருக்கும், இரண்டு மூன்று வாரத்தில் தானே கரைந்துவிடும். அதற்காக நடுங்க வேண்டியதில்லை. வலியின்றிக் கெட்டியாக இருந்து, வாரங்கள் சென்றும் கரையாமல் வளர்வதே கவனத்துக்குரியது. ஆனால் நம் வீடுகளில் நடப்பது நேர்மாறு. வலித்தால் உடனே வைத்தியரைத் தேடுவதும், வலிக்காவிட்டால் “அது பாட்டுக்கு இருக்கட்டும், நம்மை என்ன செய்கிறது!” என்று விட்டுவிடுவதும் வழக்கம். டாக்டரம்மாள் “ஏன் மாமி, இத்தனை நாளாகக் காட்டவில்லை?” என்று கேட்டால், “வலிக்கவே இல்லையே அம்மா” என்பதுதான் எந்த ஊர் ஆஸ்பத்திரியிலும் கேட்கும் பதில். கூச்சமும், பிள்ளையின் பரீட்சையும், பெண்ணின் கல்யாணமும் முடியட்டும் என்ற எண்ணமும் அதனோடு சேர்ந்துகொள்கின்றன.

1952இல் அஸ்திவாரமிடப்பட்ட புற்றுநோய் நிலையத்தை 1954இல் அடையாற்றில் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியும், 1955 முதல் அங்கே உழைத்து 2021இல் மறைந்த டாக்டர் சாந்தாவும் ஆயுள் முழுவதும் வற்புறுத்தி வந்தது, சீக்கிரம் வருக என்ற ஒன்றைத்தான். அதற்கு உடற்கூறு காட்டும் காரணம் மிகத் தெளிவானது. காவல் கணுவை மட்டும் எடுத்துப் பார்த்து அக்குளை அப்படியே விட்டுவிடும் சலுகை, ஹால்ஸ்டெட் காலம் முதல் டாடா நிபுணர் காலம் வரை நூறாண்டு முயன்று பெற்ற அந்தச் சலுகை, அக்குளில் கணு கைக்குத் தட்டுப்படாத காலத்திலேயே வந்தவர்களுக்கு வகுக்கப்பட்டது. தட்டுப்பட்ட பின் வருவோரில் பலருக்கு இன்றும் முழு அக்குளும் திறக்கப்பட வேண்டியிருக்கிறது. வழியைக் கண்டுபிடிக்க வேண்டிய வேலையைச் சாஸ்திரம் செய்து முடித்துவிட்டது. ஸ்தனத்தில் கட்டி தட்டுப்பட்ட அந்த வாரமே டாக்டரிடம் போவது நம் பங்கு.